5 மைக்ரோன்: ஒரு பிழையான எண்ணின் 60 வருடப் பயணம்

எங்கள் பாடசாலையின் மேல்மாடி வகுப்பறைகளில் மஞ்சள் நிற ஒட்டுநாடாவின் அடையாளங்கள் இன்னும் இருக்கின்றன. 2020இல் ஒரு மீட்டர் அளந்து ஒட்டியவை. பள்ளிவாசலில் ஸஃப்களுக்கு இடையிலும் இதேபோல அளந்தோம். முஸல்லாவை வீட்டிலிருந்து கொண்டு வந்து, ஒருவரை விட்டு ஒருவர் தள்ளி நின்று தொழுத அந்த நாட்கள் யாருக்கும் மறந்திருக்காது.

சென்ற தவணையில் தரம் 10 மாணவி ஒருத்தி அந்த அடையாளத்தைக் காட்டி, "சேர், ஏன் ஒரு மீட்டர்? ஒன்றரை மீட்டரில் நின்றால் வைரஸ் வராதா?" என்று கேட்டாள். "சுகாதார அமைச்சு சொன்னது" என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் அது பதில் இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தேடிப் படித்தேன். கிடைத்தது ஒரு எண்ணின் வரலாறு. வைத்தியமும், பொதுச் சுகாதாரமும், பௌதிகவியலும், கணிதமும் ஒன்றோடொன்று பேசாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை. அதில் நம்முடைய பள்ளிவாசல்களுக்கும் மத்ரஸாக்களுக்கும் வகுப்பறைகளுக்கும் நேரடியாகப் பயன்படும் விடயமும் இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

அந்த எண் 5 மைக்ரோன். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறுகளாகப் பிரித்தால் ஒரு கூறு ஒரு மைக்ரோன். அதில் ஐந்து. நம் தலைமுடியின் தடிப்பு ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரோன் வரை இருக்கும்.

கொரோனா காலத்தில் வைத்திய நூல்களும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல்களும் சொன்னது இதுதான்: இருமும்போதும் தும்மும்போதும் வெளிவரும் துளிகள் 5 மைக்ரோனைவிடப் பெரியவையாக இருந்தால் அவை ஓரிரு மீட்டருக்குள் நிலத்தில் விழுந்துவிடும். 5 மைக்ரோனைவிடச் சிறியவை மட்டுமே காற்றில் மிதக்கும். கொவிட் பெரிய துளிகளால் பரவுகிறது. ஆகவே ஒரு மீட்டர் தள்ளி நின்று கையைக் கழுவினால் போதும். 2020 மார்ச் 28ஆம் திகதி அந்த ஸ்தாபனம் தன் சமூக ஊடகப் பக்கத்தில், கொவிட் காற்றினால் பரவுவதில்லை என்பது உண்மை என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் பதிவிட்டது. நம் ஒரு மீட்டர் இந்தக் கணக்கிலிருந்துதான் வந்தது.

இப்போது பௌதிகவியல் பக்கம் வருவோம். காற்றில் விழும் சிறு துளியின் வேகத்தைக் கணக்கிட 19ஆம் நூற்றாண்டிலிருந்தே ஒரு விதி இருக்கிறது. ஸ்டோக்ஸ் விதி என்று உயர்தர மாணவர்கள் படிப்பார்கள். அதன்படி விழும் வேகம் துளியின் விட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமானது. விட்டம் பத்து மடங்கு குறைந்தால் வேகம் நூறு மடங்கு குறையும். 100 மைக்ரோன் துளி ஒன்றரை மீட்டர் உயரமுள்ள வாயிலிருந்து நிலத்தை அடைய ஐந்து, ஆறு செக்கன்கள் போதும். 10 மைக்ரோன் துளிக்கு ஏறத்தாழ எட்டு நிமிடம் வேண்டும். 5 மைக்ரோன் துளிக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல். ஒரு மைக்ரோன் துணிக்கைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல்.

இதுவும் காற்று அசையாமல் நிற்கும் அறையில்தான். ஆட்கள் இருக்கும் அறையில் காற்று எங்கே அசையாமல் நிற்கிறது? நம் உடல் சூட்டிலேயே காற்று மேலெழும். மின்விசிறி வேறு. அப்படியானால் 5 மைக்ரோன் துளி ஓரிரு மீட்டருக்குள் விழுந்துவிடும் என்ற கூற்று, பென்சிலும் தாளும் இருந்தால் உயர்தர மாணவன் ஒருவனே பிழை என்று காட்டக்கூடியது. ஆனாலும் உலகம் முழுவதும் வைத்திய மாணவர்கள் அதைத்தான் படித்தார்கள்.

அமெரிக்காவின் வேர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் காற்றிலுள்ள நுண்துணிக்கைகளை ஆராயும் பொறியியல் பேராசிரியை லின்சி மார் என்பவரை இந்தக் கேள்வி பல வருடங்களாகவே உறுத்திக்கொண்டிருந்தது. இந்த 5 எங்கிருந்து வந்தது? நூல்கள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டினவே தவிர, மூலப் பரிசோதனை எதையும் காட்டவில்லை. கடைசியில் அதே பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர் தொமஸ் ஈவிங்கையும், பட்டப்பின்படிப்பு மாணவியான கேட்டி ரண்டலையும் சேர்த்துக்கொண்டு தேடினார்கள். கலைத்துறை மாணவி ஒருத்தி, வைத்தியத்துறையின் அடிப்படை எண் ஒன்றின் வேரைத் தேடி, மேற்கோளுக்கு மேற்கோளாகப் பின்னோக்கிப் போனாள். நம் பாடசாலைகளில் "கலைப்பிரிவுதானே" என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கட்டும்.

அவள் போய்ச் சேர்ந்த இடம் வில்லியம் வெல்ஸ் என்ற மனிதர். ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பொறியியலாளர். 1934இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். வாயிலிருந்து வரும் துளிக்கு இரண்டு விதிகள் இருக்கின்றன என்றார் அவர். ஒன்று, விழுவது. மற்றது, விழுமுன்னே நீர் ஆவியாகி வற்றிப்போவது. பெரிய துளி வற்றுமுன் விழும். சிறிய துளி விழுமுன் வற்றும். வற்றியபின் எஞ்சும் உப்பும் சளியும் கிருமியும் சேர்ந்த நுண்கரு காற்றிலேயே மிதக்கும். இந்த இரண்டுக்கும் இடையிலான எல்லை எங்கே என்று கணக்கிட்டார். அவருக்குக் கிடைத்த விடை ஏறத்தாழ 100 மைக்ரோன்.

5 அல்ல, 100. விட்டத்தில் இருபது மடங்கு வித்தியாசம்.

அப்படியானால் 100 எப்படி 5 ஆனது? வெல்ஸும் அவருடைய மனைவியான வைத்தியர் மில்ட்ரெட் வெல்ஸும் தங்கள் கருத்தை நிரூபிக்கப் பட்ட பாடு பெரிது. பிலடெல்பியா பகுதிப் பாடசாலைகளின் வகுப்பறைகளில் மேல்பகுதிக் காற்றில் மட்டும் படும்படி புறஊதாக் கதிர் விளக்குகளைப் பொருத்தினார்கள். 1941இல் சின்னமுத்து பரவியபோது விளக்குப் பொருத்திய வகுப்புகளில் தொற்று வெகுவாகக் குறைந்திருந்தது. கையையும் மேசையையும் விளக்கு தொடவில்லை; காற்றை மட்டுமே தொட்டது. ஆனால் பிறகு வேறு ஆய்வாளர்கள் நியூயோர்க் மாநிலத்தின் பாடசாலைகளில் இதையே செய்துபார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளில் பலர் ஒன்றாகப் பஸ்ஸில் நெருக்கியடித்து வந்து போனவர்கள். வகுப்பறைக் காற்றைச் சுத்தம் செய்து பயன் என்ன, பஸ்ஸுக்குள் அதே காற்றைத்தானே சுவாசித்தார்கள்? ஆனால் பலர் பஸ்ஸைப் பார்க்கவில்லை. வெல்ஸ் பிழை என்று முடிவு செய்தார்கள்.

இந்த அவசர முடிவுக்கு ஒரு பின்னணி உண்டு. 'கெட்ட காற்று' நோயைக் கொண்டுவருகிறது என்பது நூற்றாண்டுகளாக இருந்த நம்பிக்கை. கிருமிகள் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அது மூடநம்பிக்கையாகிவிட்டது. அமெரிக்கச் சுகாதார அதிகாரி சார்ள்ஸ் சாப்பின் 1910இல் எழுதிய நூலில், நோய் பெரும்பாலும் தொடுகையாலும் நெருக்கத்தாலும்தான் தொற்றுகிறது, காற்றைப் பற்றிப் பயந்தால் மக்கள் கை கழுவ மாட்டார்கள் என்ற தோரணையில் வாதிட்டார். அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. அன்றைய நகரங்களில் கை கழுவுதல் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் ஒரு சரியான கருத்து, இன்னொரு சரியான கருத்துக்குக் கதவை மூடிவிட்டது. காற்று என்று வாயெடுத்தவர்கள் எல்லோரும் பழைய காலத்து ஆட்களாகத் தெரிந்தார்கள்.

வெல்ஸ் விடவில்லை. போல்டிமோர் நகரில் ஒரு வைத்தியசாலையில் ரிச்சர்ட் ரைலி என்ற வைத்தியரோடு சேர்ந்து, 1950களின் பிற்பகுதியில், ஒரு வித்தியாசமான பரிசோதனையைத் தொடங்கினார். காசநோயாளிகள் இருந்த ஆறு அறைகளிலிருந்து வெளியேறும் காற்றைக் குழாய் வழியாக மாடியில் ஒரு கூண்டறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஏறத்தாழ 150 கினிப்பன்றிகள். அவற்றுக்கும் நோயாளிகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, காற்றைத் தவிர. மாதங்கள் போகப் போகக் கினிப்பன்றிகள் ஒவ்வொன்றாகக் காசநோய்க்கு ஆளாகின. இன்னொரு கூண்டறைக்குப் போன காற்றைப் புறஊதாக் கதிரால் சுத்தம் செய்து அனுப்பினார்கள். அங்கே ஒன்றுகூடத் தொற்றுக்கு ஆளாகவில்லை. காசநோய் காற்றினால் பரவுகிறது என்பதை இதன் பிறகு மறுக்க முடியவில்லை. வெல்ஸ் 1963இல் காலமானார்.

இங்கேதான் அந்தப் பிழை நுழைந்தது. காசநோய்க் கிருமி மூக்கிலோ தொண்டையிலோ படிந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. சுவாசப்பையின் அடியாழம் வரை போனால்தான் நோய் பிடிக்கும். அவ்வளவு ஆழம் போகக்கூடிய துணிக்கைகள் 5 மைக்ரோனுக்குக் குறைந்தவை. ஆக 5 என்பது 'எவ்வளவு ஆழம் போகும்' என்பதற்கான எண். 'எவ்வளவு நேரம் மிதக்கும்' என்பதற்கான எண் 100. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிறுவனம் காற்றுவழிப் பரவலுக்கு வரைவிலக்கணம் எழுதத் தொடங்கிய காலத்தில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. காசநோய்க்கு மட்டும் பொருந்தும் எண் எல்லா நோய்க்குமான எண்ணானது. அதன் பிறகு ஒரு நூலைப் பார்த்து இன்னொரு நூல், ஓர் ஆசிரியரைப் பார்த்து இன்னோர் ஆசிரியர். நானும் ஆசிரியர்தான், பழைய குறிப்புக் கொப்பியிலிருந்து கரும்பலகைக்கு எத்தனை எண்களை இப்படி மாற்றியிருப்பேனோ தெரியாது.

ரண்டல், ஈவிங், மார் ஆகியோரும் வேறு சில விஞ்ஞானிகளும் சேர்ந்து இந்த வரலாற்றை 2021இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

இதற்கிடையில் களத்திலிருந்து சான்றுகள் குவிந்தன. 2020 மார்ச் 10ஆம் திகதி அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணித்தியாலம் பயிற்சிக்காகக் கூடியது. 61 பேர். ஒருவருக்கு இலேசான சளிக்குணம் இருந்தது. அவரோடு சேர்த்து 53 பேர் நோயாளியானார்கள், இருவர் இறந்தார்கள். இத்தனை பேர்மேலும் அவர் நேராகத் தும்மியிருக்க முடியாது. சீனாவின் குவாங்சோ நகர உணவகம் ஒன்றில் 2020 ஜனவரி 24ஆம் திகதி மூன்று குடும்பங்கள் வரிசையான மூன்று மேசைகளில் உணவருந்தின. ஒரு குடும்பத்தில் இருந்த நோயாளியிடமிருந்து மற்ற இரு குடும்பங்களுக்கும் தொற்றியது. அந்த மூன்று மேசைகளும் ஒரே ஏசியின் காற்றுச் சுழற்சிக்குள் இருந்தன. பிறகு ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது வெளிக்காற்று அந்த இடத்துக்குக் கிட்டத்தட்ட வரவே இல்லை; ஒருவருக்குச் செக்கனுக்கு ஒரு லீற்றர் அளவு மட்டுமே.

அவுஸ்திரேலியாவின் பேராசிரியை லிடியா மொராவ்ஸ்கா தலைமையில் 36 விஞ்ஞானிகள் 2020 ஏப்ரல் தொடக்கத்திலேயே உலக சுகாதார ஸ்தாபனத்திடம் இணையவழிக் கூட்டத்தில் முறையிட்டார்கள். காது கொடுக்கப்படவில்லை. ஜூலையில் அவரும் டொனால்ட் மில்டனும் எழுதிய பகிரங்கக் கட்டுரைக்கு 239 விஞ்ஞானிகள் ஆதரவளித்தார்கள். 2021 டிசம்பரில்தான் ஸ்தாபனத்தின் பக்கத்தில் காற்றுவழி என்ற சொல் தெளிவாக இடம்பெற்றது. 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில், துளி, நுண்துளி என்று 5 மைக்ரோனில் கோடு போடும் பழக்கத்தையே கைவிட்டு, எல்லா அளவிலுமான துணிக்கைகளையும் தொற்றும் சுவாசத் துணிக்கைகள் என்ற ஒரே பெயரில் அழைக்க முடிவு செய்தார்கள்.

இதைப் படிக்கும்போது நம் சமூகத்தில் எவருக்கும் இன்னொரு நினைவு வராமல் போகாது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானியின் மூலம் கொவிட் ஜனாஸாக்களை எரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. நல்லடக்கமும் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் அதற்கு முன்பே சொல்லியிருந்தது. நிலத்தடி நீரில் வைரஸ் கலந்துவிடும் என்று இங்கே காரணம் சொன்னார்கள். பிறந்து 20 நாளேயான பாலகனையும் எரித்தார்கள். 2021 பெப்ரவரி இறுதியில் வர்த்தமானி திருத்தப்பட்டு, மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

"பார்த்தீர்களா, இவர்கள் சொல்லும் விஞ்ஞானம் எல்லாம் பொய்" என்று வட்ஸ்அப் குழுமங்களில் அன்றும் எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். எரிந்த மனதோடு எழுதுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. காற்றைப் பற்றிய பிழை, பரிசோதனைகளிலிருந்து வந்து, வழியில் திரிந்துபோன ஒரு பிழை. அதை வெளிப்படையாக வாதிட்டு, அளந்து, எழுதி, திருத்தினார்கள். தாமதமாக, பெரிய விலை கொடுத்து, ஆனாலும் திருத்தினார்கள். ஜனாஸா விடயத்தில் திருத்துவதற்கு ஒரு பரிசோதனையே முன்வைக்கப்படவில்லை. வைரஸ் உயிருள்ள கலத்துக்கு வெளியே பெருகாது என்பது சாதாரணதரப் பாடம். விஞ்ஞானத்தின் பெயரைச் சொன்னார்கள், விஞ்ஞானத்தைச் செய்யவில்லை. நம்மைக் காப்பாற்றியிருக்கக் கூடியதே விஞ்ஞானம்தான் என்றிருக்க, அதையே நாம் உதறிவிட்டால், அடுத்த முறை எதை வைத்து வாதிடப்போகிறோம்?

சரி, கணிதத்துக்கு வருகிறேன். அந்த மாணவியின் கேள்விக்கு உண்மையான விடை இங்கேதான் இருக்கிறது.

ரைலி 1978இல் ஒரு சமன்பாட்டை வெளியிட்டார். நியூயோர்க் மாநிலத்தின் ஒரு பாடசாலையில் சின்னமுத்து பரவியதை ஆராய்ந்து எழுதியது அது. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடமிருந்து 14 வெவ்வேறு வகுப்பறைகளில் இருந்த 28 பிள்ளைகளுக்குத் தொற்றியிருந்தது. பலர் அவளோடு ஒரே அறையில் இருந்ததே இல்லை. பாடசாலையின் காற்றோட்ட அமைப்பு ஒரே காற்றைத் திரும்பத் திரும்ப எல்லா அறைகளுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. (நம் நாடு சின்னமுத்தை ஒழித்த நாடென்று 2019இல் அறிவிக்கப்பட்டது, 2023இல் அது மீண்டும் தலைகாட்டியதையும் ஞாபகத்தில் வையுங்கள்.)

சமன்பாட்டின் அடிப்படை எளிமையானது. ஒருவருக்குத் தொற்று ஏற்படுவதற்குப் போதுமான கிருமி அளவை ஒரு 'பங்கு' என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் உள்ளெடுக்கும் பங்கு நான்கு விடயங்களைப் பொறுத்தது: அறையில் எத்தனை நோயாளிகள், ஒவ்வொருவரும் எவ்வளவு வெளிவிடுகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறோம், எவ்வளவு புதிய காற்று வருகிறது. முதல் மூன்றும் கூடினால் ஆபத்து கூடும். புதிய காற்று கூடினால் குறையும். கவனித்தீர்களா, அந்தச் சமன்பாட்டில் தூரம் என்ற ஒன்றே இல்லை. ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் எதற்கும் அதில் இடமில்லை.

40 பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் சராசரியாக ஆளுக்கு ஒரு பங்கு என்று வைப்போம். எல்லோருக்கும் தொற்றிவிடுமா? இல்லை. மழைத்துளிகள் முற்றத்துக் கற்களின் மேல் விழுவதைப்போல, சிலவற்றின் மேல் இரண்டு, மூன்று விழும், சில நனையாமலே இருக்கும். நிகழ்தகவுக் கணக்கின்படி 100க்கு 63 பேருக்குத் தொற்றும். நம் வகுப்பில் ஏறத்தாழ 25 பேர். புதிய காற்றை இரண்டு மடங்காக்கினால் சராசரி அரைப் பங்காகும். தொற்று ஏறத்தாழ 16 பேருக்கு. நான்கு மடங்காக்கினால் ஏறத்தாழ 9 பேர். பாட நேரத்தைப் பாதியாக்கினாலும் இதே கணக்குத்தான். யன்னல் திறப்பதும் சீக்கிரம் முடிப்பதும் கணிதத்தின் பார்வையில் ஒன்றே.

இந்தச் சமன்பாட்டில் ஒரு குறையும் உண்டு. அறை முழுவதும் காற்று சீராகக் கலந்திருப்பதாக அது எடுத்துக்கொள்கிறது. உண்மையில் நோயாளியின் முகத்துக்கு அருகில் கிருமி செறிவாக இருக்கும், சிகரெட் புகையைப்போல. பக்கத்தில் நிற்பவனுக்கு அதிகம் வரும். ஆகவே இடைவெளி விடுவது வீணான வேலை அல்ல. ஆனால் மூடிய அறையில் நேரம் போகப் போகப் புகை மூலை முடுக்கெல்லாம் பரவிவிடும். அப்போது ஒரு மீட்டர் தள்ளி நிற்பதில் பயன் குறைந்துபோகும். "ஒன்றரை மீட்டரில் வராதா?" என்ற கேள்விக்கு நான் கொடுத்த பதில் இது: யன்னல் திறந்திருந்தால் ஒரு மீட்டரே நிறைய உதவும், மூடியிருந்தால் ஐந்து மீட்டரும் போதாது.

புதிய காற்று வருகிறதா என்பதை எப்படி அறிவது? நம் மூச்சே காட்டிக்கொடுக்கும். வெளிக்காற்றில் காபனீரொட்சைட்டு பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 420 பங்கு. நாம் வெளிவிடும் மூச்சில் ஏறத்தாழ 40,000. அறையில் 1,000 இருந்தால், நாம் உள்ளெடுக்கும் காற்றில் 100க்கு ஒன்றரைப் பங்கு இன்னொருவர் ஏற்கெனவே வெளிவிட்டது என்று கணக்கு. 3,200 இருந்தால் ஏழு பங்குக்கும் மேல். அதாவது நாம் விடும் 14 மூச்சில் ஒரு மூச்சு, பிறர் விட்ட மூச்சு.

3,200 என்பதைச் சும்மா எடுக்கவில்லை. தாய்வான் தலைநகர் தாய்பேயில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தில் காசநோய் பரவி 27 பேர் நோயாளியானபோது வகுப்பறைகளில் அளந்த அளவு அது. காற்றோட்டத்தைச் சீர்செய்து அதை 600 அளவுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு, தொடர்பிலிருந்தவர்களிடையே புதிதாக நோய் ஏற்படுவது 97 வீதம் குறைந்ததாக 2020இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஒரே ஒரு கட்டடத்தின் கதை என்பதால் அந்த 97ஐ அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மாற்றம் எந்தத் திசையில் என்பதில் சந்தேகமில்லை.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு பெரு நாட்டின் லீமா நகரிலிருந்து 2007இல் வந்தது. எட்டு வைத்தியசாலைகளில் யன்னல்களைத் திறந்து வைத்துக் காற்றை அளந்தார்கள். திறந்த யன்னல்கள் சராசரியாக மணிக்கு 28 தடவை அறையின் காற்றை முழுதாக மாற்றின. காசநோயாளிகளுக்கென்று இயந்திரக் காற்றோட்டம் பொருத்திய நவீன அறைகளில் அது 12. அதைவிட ஆச்சரியம், 1950க்கு முன் கட்டிய, உயர்ந்த கூரையும் பெரிய யன்னல்களும் கொண்ட பழைய விடுதிகள் எல்லாவற்றையும்விடச் சிறந்திருந்தன. வெல்ஸும் ரைலியும் தந்த அதே சமன்பாட்டில் போட்டுப் பார்த்தபோது, சிகிச்சை பெறாத நோயாளிகளோடு 24 மணித்தியாலம் இருந்தால் தொற்றக்கூடியவர்கள் இயந்திரக் காற்றோட்ட அறையில் 39 வீதம், புதிய கட்டடங்களில் 33 வீதம், பழைய விடுதிகளில் 11 வீதம்.

நம்முடைய பழைய பள்ளிவாசல்களை நினைத்துப் பார்த்தேன். ஓட்டுக்கூரை உயரத்தில் இருக்கும், மூன்று பக்கமும் நிலத்திலிருந்து ஆளுயர யன்னல்கள், வெளியே விறாந்தை. லுஹருக்கு நின்றால் காற்று முதுகில் படும். இப்போது கட்டுபவற்றில் கண்ணாடி போட்டு நிரந்தரமாக அடைத்து ஏசி பூட்டுகிறோம். சாதாரணமாக நாம் பூட்டும் ஏசி வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை; உள்ளே இருக்கும் காற்றையே குளிராக்கித் திரும்பத் தருகிறது. மின்விசிறியும் அப்படித்தான், காற்றைக் கலக்குமே தவிர மாற்றாது. ஜும்ஆவுக்கு நிரம்பி வழியும் கூட்டத்தில் குத்பா ஒரு மணித்தியாலம் நீள்கிறது. தராவீஹ் இன்னும் நீளம். சத்தமாக ஓதும்போதும் பேசும்போதும் நுண்துளிகள் சும்மா மூச்சு விடுவதைவிடப் பல மடங்கு வெளிவருகின்றன. அந்தப் பாடகர் குழுவுக்கு நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஹிப்ழ் மத்ரஸாக்களில் பிள்ளைகள் காலை முதல் மாலை வரை உரத்து ஓதுகிறார்கள், பல இடங்களில் படுப்பதும் அதே மண்டபத்தில். காசநோய் நம் நாட்டை விட்டு இன்னும் போய்விடவில்லை.

பெண்கள் தொழும் பகுதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் மேல்மாடியிலோ பின்மூலையிலோ பலகையால் மறைத்து, திரை போட்டு, யன்னலையும் மூடி வைக்கிறோம். முழுப் பள்ளிவாசலிலும் காற்று மிகக் குறைந்த இடம் அதுதான். கைக்குழந்தைகளும் வயதான உம்மாமாரும் வருவது அங்கேதான். மறைப்புக்கும் காற்றுக்கும் பகையில்லை; கூரையை ஒட்டிய உயரத்தில் காற்றுத் துவாரம் வைத்தால் பார்வைக்கு மறைப்பு இருக்கும், காற்றும் போகும். நம் வாப்பா காலத்து மேசன்மாருக்கு இது தெரிந்திருந்தது. ஓட்டை ஓட்டையாக அச்சில் வார்த்த சீமெந்துக் கற்களை யன்னலுக்கு மேலே வைத்துக் கட்டினார்கள். நாம் அவற்றைச் சாந்து பூசி அடைத்துவிட்டுப் பெயின்ட் அடித்தோம், நுளம்பு வருகிறதென்றும் ஏசிக் குளிர் வெளியே போகிறதென்றும். நுளம்புக்கு வலை அடிக்கலாம்.

காபனீரொட்சைட்டை அளக்கும் சிறு கருவிகள் இப்போது விற்பனைக்கு உண்டு. ஒரு மஹல்லாவுக்கு ஒன்று இருந்தால் போதும்; பள்ளிவாசல், மத்ரஸா, டியூஷன் வகுப்பு என்று கொண்டு போய் வைத்துப் பார்க்கலாம். வெளிக்காற்றில் 420 காட்டும் கருவி, ஜும்ஆ முடியும் நேரத்தில் நம் பள்ளிவாசலுக்குள் என்ன காட்டும்? எங்கள் பாடசாலையின் விஞ்ஞான மன்றத்துக்கு ஒன்று வாங்கும்படி அதிபரிடம் கேட்டிருக்கிறேன். வந்ததும் முதலில் அளக்கப்போவது அந்த மஞ்சள் நாடா ஒட்டிய மேல்மாடி வகுப்பறையை. அதன் பின்பக்க யன்னல்கள் நான்கும் கொவிட்டுக்கு முன்பிருந்தே ஆணி அடித்து மூடிக் கிடக்கின்றன.